அடித்த கையால் ஓர் இளநீர்

கடற்கரைக் கோயில் சாலையில் கடை போட்டிருந்தவர்களில் இளநீர்க்காரரிடம் அடி வாங்காதவன் நான் ஒருவன்தான். தொப்பி விற்பவர் வாங்கியிருக்கிறார். சங்கு விற்பவர் இரண்டு முறை வாங்கியிருக்கிறார். குதிரை சவாரி விடுகிறவர் வாங்கினார், அவருடைய குதிரையும் ஒரு முறை வாங்கியது. நான்கு வருஷம் அவருக்கு நாலு எட்டு தள்ளி நின்று தொழில் செய்த எனக்கு மட்டும் ஒரு தட்டுகூட விழவில்லை. கேட்பவர்கள் நான் கொடுத்து வைத்தவன் என்று நினைப்பார்கள். அது அப்படியில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் செங்கல்பட்டுக்காரன். அப்போது மாமல்லபுரம் கடற்கரையில் போட்டோ எடுத்துக் கொடுக்கும் வேலை. காலையில் திருக்கழுக்குன்றம் வழியாக வருகிற பஸ்ஸைப் பிடித்து, கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு, "சார் ஒரு போட்டோ, மேடம் ஒரு போட்டோ" என்று சாயங்காலம் வரை அலைய வேண்டும். அலைந்து கால் ஓய்ந்தால் நிற்கிற இடம் ஒரு பூவரச மரத்தடி. மரத்துக்கு அந்தப் பக்கம் அவருடைய இளநீர்க் குவியல். நடுவில் ஒரு வெட்டுக்கட்டை. கட்டைக்குப் பின்னால் அவர், சட்டைக்கு மேல் ஒரு ஈரத் துண்டோடு, நாளெல்லாம் யாரையாவது முறைத்துக்கொண்டு நிற்பார்.

வெட்டுவது வலது கையால். அடிப்பது இடது கையால். இதில் அவர் கறாராக இருந்தார். ஒரு நாள் காரணம் கேட்டேன்.

"அருவா புடிக்கிற கையால மனுசன அடிக்கக் கூடாதுடா. அது பழக்க தோசத்துல ரெண்டாப் பொளந்துடும்" என்றார்.

சிரிக்கவில்லை. அவர் இந்த மாதிரி விஷயத்தில் விளையாட மாட்டார்.

இடது கை சும்மா இல்லை. காய் பிடித்துப் பிடித்து உள்ளங்கை காய்த்துப்போய், ஆட்காட்டி விரலின் நுனி எப்போதோ அரிவாளுக்குப் போய்விட்ட கை. எதிரில் நிற்பவனின் வலது கன்னத்தில் அது விழுந்தால் சத்தம் கோயில் வாசல் வரை கேட்கும். பேச்சு, எச்சரிக்கை, ஏசல் எதுவும் முன்னால் வராது. முதலில் அறை. பிறகு, "இன்னா சொன்ன?" என்று கேட்பார்.

அதற்கும் பிறகு ஒன்று உண்டு. அடித்தவுடன் குவியலுக்குத் திரும்பி, நாலைந்து காயைத் தட்டிப் பார்த்து, நல்லதாக ஒன்றை எடுத்துச் சீவி, ஸ்ட்ரா போட்டு, அடி வாங்கியவனிடமே நீட்டுவார்.

"குடி. சூடு எறங்கும்."

காசு வாங்க மாட்டார். குடிக்காமல் போகவும் விட மாட்டார். கன்னத்தில் நாலு விரல் சிவந்து நிற்க, கண்ணில் தண்ணீரோடு இளநீர் உறிஞ்சிக்கொண்டிருக்கும் ஆட்களை நான் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். ஒரு சமயம் பெரிய காரில் வந்த ஒருவர், குடித்து முடித்த காயை ஜன்னல் வழியாக மரத்தடியில் படுத்திருந்த நாயின் மேல் எறிந்தார். நாய் கத்தி முடிப்பதற்குள் அந்த ஜன்னல் வழியாகவே கை உள்ளே போய்விட்டது. மூக்குக் கண்ணாடி பின் சீட்டில் போய் விழுந்தது. காருக்குள் இருந்த குடும்பம் மூச்சு விடவில்லை. அவர் நிதானமாக ஒரு காயைச் சீவி அதே ஜன்னல் வழியாகக் கொடுத்தார். அந்த மனிதர் குடித்தார். அடுத்த மாதம் அதே கார் வந்து அதே இடத்தில் நின்றது. "நல்ல வழுக்கையா ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, காலிக் காயைக் கையோடு கொண்டுவந்து கூடையில் போட்டுவிட்டுப் போனார்கள்.

எனக்கு அவரைப் பிடிக்கும். பயமும் உண்டு. இரண்டும் சேர்ந்துதான் இருந்தது.

பிடித்ததற்குக் காரணம் என் கேமரா. ஒரு விடுமுறை நாளில் நான்கு பேர் நன்றாகக் குடித்துவிட்டு வந்து, போட்டோ சரியில்லை என்று என்னைச் சுற்றிக்கொண்டார்கள். ஒருவன் என் கழுத்தில் இருந்த வாரோடு கேமராவை இழுத்தான். வார் கழுத்தை அறுத்து நான் மண்ணில் விழுந்தேன். இன்னொருவன் என் விலாவில் உதைத்தான். அடுத்த உதைக்குக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அது வரவில்லை. திறந்து பார்த்தபோது உதைத்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டு முழங்காலில் நின்றான். விரலிடுக்கில் ரத்தம் கொட்டியது. ஒருவன் பாட்டிலை அவருடைய தோளில் உடைத்தான். அவர் தோளைக்கூடப் பார்க்கவில்லை. பாட்டில் பிடித்தவனின் தலைமயிரைப் பற்றி, பூவரச மரத்தில் ஒரு மோது மோதினார். அரிவாள் கட்டையில் கொத்தியபடி அப்படியே நின்றது. அதை அவர் தொடவே இல்லை.

முடிந்ததும் நான்கு காய் வெட்டினார். இரண்டு பேர் அடி விழும் முன்பே ஓடிவிட்டார்கள். மீதி இரண்டு பேர் உட்கார்ந்து குடித்தார்கள். ஒருவன் உறிஞ்ச உறிஞ்ச இளநீர் சிவப்பாயிற்று. அவர் மண்ணில் கிடந்த கேமராவை எடுத்து, ஈரத் துண்டால் துடைத்து, என் கழுத்தில் மாட்டினார்.

"இது போனா இன்னாடா பண்ணுவ? ஒழுங்கா நெஞ்சுல அணைச்சிப் புடி" என்றார். தோளில் கண்ணாடிச் சில் குத்தி நின்றது. நான்தான் பிடுங்கி எடுத்தேன்.

அவருக்கு ஒரு சட்டமும் இருந்தது. மழைக்கு முன்னால் ஒரு நாள் அவருடைய தார்ப்பாய் காணாமல் போயிற்று. பக்கத்துக் குப்பத்தில் வலை இழுக்கிற ஒருவர்தான் எடுத்தார் என்று யாரோ சொல்ல, போய் அறைந்துவிட்டு வந்துவிட்டார். மறுநாள் தார்ப்பாய் சவுக்குத் தோப்பில் காற்றில் சிக்கிக் கிடந்தது. இவர் கடையை அப்படியே விட்டுவிட்டு, குப்பத்துக்குப் போய் அந்த மனிதரின் வீட்டு வாசலில் நின்று கன்னத்தைக் காட்டினார். அந்த ஆள் முதலில் தயங்கினார், பிறகு தயங்கவில்லை. வலை இழுக்கிற கை. இவர் ஆடுகிற பல் ஒன்றோடு திரும்பி வந்தார். ரத்தத்தைத் துப்பிவிட்டு, இரண்டு காய் வெட்டி, ஒன்றைக் குப்பத்துக்குக் கொடுத்தனுப்பி, ஒன்றைத் தானே குடித்தார்.

"தப்பா அட்ச்சிட்டா திருப்பி வாங்கிக்கணும்டா. இல்லன்னா அது உள்ளாரயே நின்னுகினு கீது" என்றார். ஆடிய பல்லை அன்று சாயங்காலமே விரலால் பிடுங்கி எறிந்தார்.

இப்படிப்பட்டவரின் போனில்தான் நான் கை வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, மணி நாலு. இந்தியா ஆடுகிறது, கடைசி மூன்று ஓவர். என் போனில் அன்றைய நெட் தீர்ந்துவிட்டது. வாடிக்கையாளர்களுக்குப் படங்களை அனுப்பியே காலியாகிவிட்டது. அவருடைய போன் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இளநீர்க் குவியலின் மேல் கிடக்கும். லாரிக்காரர் காய் வருகிறது என்று கூப்பிடுவார், வீட்டிலிருந்து மனைவி கூப்பிடுவார். அதைத் தாண்டி அவருக்கு அதில் வேலை இல்லை. கிரிக்கெட் என்றால் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றுகூட அவருக்குத் தெரியாது.

"அண்ணாத்த, பத்து நிமிசம் போன் தர்றீங்களா?"

"எடுத்துக்கடா. இத்த போயி கேட்டுகினு."

யாரோ அனுப்பியிருந்த ஓர் இலவசத் தளம் ஞாபகம் இருந்தது. திறந்தேன். படம் வரவில்லை. தொடர வேண்டுமானால் "அனுமதி" என்பதை அழுத்தவும் என்று ஒரு பெட்டி வந்தது. அழுத்தினேன். இருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லி இன்னொன்று. அதையும் அழுத்தினேன். மூன்றாவதாக வந்தது என்ன கேட்டது என்று படிக்கவே இல்லை. கொசு அடிக்கிற மாதிரி அடித்துக்கொண்டே போனேன். ஆட்டம் வந்தது. ஜெயித்தோம். போனைத் துடைத்து உறைக்குள் போட்டு அதே காயின் மேல் வைத்தேன்.

மறுநாள் காலை நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போதே அவருடைய குரல் கேட்டது.

"எவன்டா நீ? எம் போனு கெட்டுப்போச்சின்னு சொல்றதுக்கு நீ யார்ரா? எதிர்ல வந்து சொல்லு பாப்பம்."

எதிரில் யாரும் இல்லை. கையில் போன். சிவப்புப் பெட்டி ஒன்று உறுமி அதிர்ந்துகொண்டிருந்தது. "அன்புள்ள பயனரே, உங்கள் தொலைபேசி நான்கு வைரஸ்களால் மிகவும் சேதம் அடைந்தது. உடனே சுத்தம் செய்யவும்." அவர் எழுத்துக்கூட்டிப் படித்து, ஈரக் கட்டைவிரலால் "சுத்தம்" என்பதை அழுத்தினார். அவ்வளவுதான். வாழ்த்துகள், பரிசு விழுந்தது என்று ஒன்று. போன் வெடிக்கப் போகிறது என்று ஒன்று. ஒன்றை மூடினால் இரண்டு திறந்தது. மூடுவதற்கென்று மூலையில் இருக்கிற பெருக்கல் குறியும் பொய், அதைத் தொட்டால்தான் அடுத்தது வரும்.

நேற்று நான் அழுத்தியதன் பலன்தான் இது என்று தெரிந்தது. எடுப்பது எப்படி என்று தெரியவில்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவருடைய இடது கை விரல்கள் விரிந்து மூடிக்கொண்டிருந்தன. வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்க சாலைக்கே அது ஒரு வேடிக்கையாகிவிட்டது. போன் 'டிங்' என்றால் தொப்பிக்காரர், "அண்ணாத்த, உன் ஆளு கூப்புட்றான்" என்பார். இவர் பாய்ந்து எடுத்து அதனோடு சண்டை போடுவார். கெட்ட வார்த்தையில் ஏசுவார். ஒரு தரம் போனையே அறைந்தார், கண்ணாடியில் விரிசல் ஓடியது. இன்னொரு நாள் பொறுக்க முடியாமல் அதைக் கட்டையின் மேல் வைத்து அரிவாளை ஓங்கிவிட்டார்.

"அண்ணாத்த, லாரிக்காரர் அதுலதான் கூப்டுவாரு" என்று நான் கத்தினேன்.

அரிவாள் மேலேயே நின்றது, மெல்ல இறங்கியது. அந்த ஒரு தடவை நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். போன் மட்டும்தான் போயிருக்கும்.

பிறகுதான் ஊர்ப் பெயர் வந்தது. அரைகுறை உடுப்பில் ஒரு பெண்ணின் படம். அதன் கீழே: "செங்கல்பட்டில் உங்களுக்கு அருகில். தனியாக இருக்கிறாள். மூன்று கிலோமீட்டர்." அவர் அன்று கத்தவில்லை. நெடுநேரம் அதையே பார்த்தார்.

"செங்கல்பட்டுன்னு போட்டுகினு வரான் பாரு. மாவட்டம் தெரிஞ்சிருக்குது. அப்ப வெளியாளு இல்ல, என்னியத் தெரிஞ்சவன் எவனோ கீறான்" என்றார்.

இவ்வளவு காலம் அவர் அடித்ததெல்லாம் முகம் தெரிந்த ஆளைத்தான். முகமே இல்லாமல் ஒருத்தன் தன்னைச் சீண்ட முடியும் என்பதை அவரால் ஏற்கவே முடியவில்லை. ஊர் கிடைத்துவிட்டது, இனி ஆள் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

"நீ செங்கல்பட்டு தான? இந்த மாரி வேல பண்றவன் அங்க எவன்டா?"

"அது விளம்பரம் அண்ணாத்த. எல்லாருக்கும் வரும்."

"உனக்கு வருதா?"

"வரும்."

"காட்டு."

என் போனை வாங்கி, பக்கத்தில் வைத்துக்கொண்டு, வியாபாரத்தின் நடுவில் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அது சாயங்காலம் வரை வாயே திறக்கவில்லை. கடை கட்டும்போது திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த அடி வீட்டிலிருந்து வந்தது. அவருடைய மனைவியை நாங்கள் எல்லோரும் அக்கா என்போம். அவர் அக்காவை அடித்து நான் பார்த்ததில்லை. அக்கா அவரை அடித்து நிறையப் பார்த்திருக்கிறேன். காலையில் அம்மாவோடு பேசலாம் என்று அக்கா அவருடைய போனை எடுத்திருக்கிறார், அந்தப் பெண் வந்து நின்றிருக்கிறாள். மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்தார். நேராக வந்து டிபன் கேரியரை அவருடைய முகத்தில் விட்டெறிந்தார். மூடி புருவத்தைக் கிழித்தது. சாம்பாரும் ரத்தமும் சட்டையில் வழிந்தன.

"மூணு கிலோமீட்டராமே. போயி அவகிட்டயே துன்னு" என்றார் அக்கா.

அவர் வழிந்ததைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போல ஒரு காயைச் சீவி நீட்டினார். அக்கா அதைக் காலால் எட்டி உதைத்தார். "என் தம்பிய வரச் சொல்லிக்கீறேன். அவன் பாத்து சொல்லட்டும், நீ இன்னா பாத்தன்னு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவின் தம்பி செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கடையில் ரிப்பேர் பார்ப்பவர். அந்த போனை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. என் வயதுதான், மெலிந்த உடம்பு, எதற்கும் முதலில் ஒரு சிரிப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவோடு வந்தார். சுற்றிலும் வாங்க வந்த கூட்டம். தொப்பிக்காரர், சங்குக்காரர், நான். போனை வாங்கிப் பார்த்தார். அந்தப் பெண் சரியாக அந்த நேரத்தில் வந்தாள். அவர் சிரித்துவிட்டார்.

"இது தானா வராது மாமா. யாராச்சும் போயி 'வா'ன்னு கதவத் தொறந்து வுட்டாத்தான் வரும். நீ இன்னாத்தப் பாத்த, உண்மையச் சொல்லு."

கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நான் ஒண்ணும் பாக்கல மச்சான்" என்றார் அவர். அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. கெஞ்சுகிற குரல்.

"இரு, எங்கேர்ந்து வந்துதுன்னு பாத்துடலாம். எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே தம்பி விரலால் தள்ள ஆரம்பித்தார். எனக்குக் காதில் கடல் சத்தம்கூடக் கேட்கவில்லை. இன்னும் ஒரு நிமிஷம். அந்த கிரிக்கெட் தளத்தின் பெயர் வந்துவிடும், அதை யார் திறந்தது என்று கேட்பார்கள்.

அதற்குள் அவருடைய மனசில் எல்லாம் சேர்ந்துவிட்டது. செங்கல்பட்டு. போன் கடை. வாங்கிக் கொடுத்தவன். சிரிப்பு.

"நீதான்டா அனுப்புற."

"இன்னா மாமா ஒளறிகினு..."

அறை விழுந்தது. விரிந்த கை, முழுசாகக் காதின் மேல். ஏதோ உடைகிற சத்தம் கேட்டது. தம்பி இளநீர்க் குவியலில் சாய்ந்து விழுந்தார், காய்கள் நாலாபக்கமும் உருண்டன. அவர் விடவில்லை. சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, அதே காதில் இன்னொன்று. அக்கா செருப்பைக் கழற்றி அவருடைய முதுகிலும் தலையிலும் மாறி மாறி அடித்தார். அது அவருக்கு உறைக்கவே இல்லை. மூன்றாவது அறைக்குக் கை போனபோதுதான் தம்பியின் காதிலிருந்து ஒரு கோடாக ரத்தம் இறங்கிக் காலரை நனைத்ததைப் பார்த்தார். கையை இறக்கினார்.

நான் நாலு எட்டு தள்ளி, கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை போதும். என்னிடம் அது இருந்தது. அந்த முதல் அறை விழுந்து, போன் தம்பியின் கையிலிருந்து தெறித்து மண்ணில் விழுந்தபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி. இனி யாரும் தேட மாட்டார்கள் என்ற நிம்மதி. இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் கூசுகிறது.

அவர் குனிந்து உருண்டு கிடந்த காய்களில் ஒன்றை எடுத்தார். தட்டிப் பார்த்தார். சீவினார். ஸ்ட்ரா போட்டார்.

"குடி மச்சான். சூடு எறங்கும்."

தம்பி காதைப் பொத்திக்கொண்டு அவரையே பார்த்தார். பிறகு திரும்பி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். அக்கா ஒரு கால் செருப்போடு பின்னாலேயே போனார். அவரிடம் அடி வாங்கிய ஒருவன் இளநீர் குடிக்காமல் போனதை அன்றுதான் பார்த்தேன். அந்தக் காய் ஸ்ட்ராவோடு கட்டையின் மேலேயே இருந்தது. ஒரு வாடிக்கையாளர் கேட்டதற்கு, "அது ஒருத்தனுக்கு வெட்னது" என்றார். எறும்பு ஏறியது. சாயங்காலம் மரத்தின் வேரில் ஊற்றினார்.

செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காதுக்குள் சவ்வு மட்டுமல்ல, அதற்கு உள்ளேயும் சேதம். வலது காது இனிக் கேட்காது என்று சொல்லிவிட்டார்கள். அக்கா அங்கேயே தங்கிவிட்டார், வீட்டுக்குத் திரும்பவில்லை.

தம்பி வார்டில் படுத்திருந்த மறுநாள் காலையிலும் போன் உறுமியது. நான்கு வைரஸ், அதே பெண், அதே மூன்று கிலோமீட்டர். அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். போனைக் கவிழ்த்துக் காயின் மேல் வைத்தார். அதற்குப் பிறகு அவர் போனை ஏசவே இல்லை. 'டிங்' என்றால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடுத்த காயை எடுப்பார்.

சில நாள் கழித்து நாவலூரில் ஏதோ கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்கள் நான்கு பேர் வந்தார்கள். குடித்துக்கொண்டிருக்கும்போது போன் உறுமியது. அவர்களில் ஒருத்தி, "அண்ணா, இத எடுத்துடலாமே, குடுங்க" என்று வாங்கினாள். எங்கேயோ போய், எதையோ திறந்து, இரண்டு தட்டுத் தட்டினாள். முடிந்துவிட்டது. ஒருத்தனின் காதை வாங்கிய விஷயத்துக்கு மொத்தம் இரண்டு தட்டு.

"ஒரு சைட்டுக்கு அனுமதி குடுத்திருக்கீங்க. அதான். ஏதோ ஃப்ரீயா மேட்ச் காட்றது. போன வாரத்துக்கு முந்துன ஞாயித்துக்கிழமை, நாலு மணி. கிரிக்கெட் பாப்பீங்களாண்ணா?"

என் பக்கம் அவர் திரும்பவில்லை.

"ஆமாம்மா. நான்தான் பாத்தேன்" என்றார்.

அந்தப் பெண்ணுக்கு இன்னொரு காயை வெட்டிக் கொடுத்தார். நல்ல வழுக்கையாகப் பார்த்துக் கொடுத்தார்.

அன்றிலிருந்து நான் அடிக்காகக் காத்திருந்தேன். நாலு எட்டு தள்ளி நின்றவன் பத்து எட்டு தள்ளி நின்றேன். அரிவாள் கட்டையில் விழுகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் என் வலது கன்னம் தானாகச் சுருங்கியது. தூக்கத்தில்கூட வாங்கினேன். ஒன்றும் வரவில்லை. "நாஸ்தா துன்னியா?" என்று வழக்கம்போலக் கேட்பார். அதுதான் பெரிய வதையாக இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை கடை போடவில்லை. மறுநாள் வந்தார். நானாகக் கேட்கவில்லை, அவராகச் சொன்னார், கட்டையைப் பார்த்துக்கொண்டு.

"அவன் கடைக்குப் போனேன். கன்னத்தக் காட்டிகினு நின்னேன். அடி மச்சான், எத்தினி வேணா அடின்னு சொன்னேன். அவன் நிமுரவே இல்ல. அப்பால பாத்துட்டு, 'இந்தப் பக்கம் வந்து சொல்லு மாமா, அந்தப் பக்கம் கேக்காது'ன்னான்."

அரிவாளின் முனையால் கட்டையில் இருந்த நாரைச் சுரண்டினார்.

"எடது பக்கம் போயி நின்னு மறுக்காச் சொன்னேன். 'சரி மாமா, போயிட்டு வா'ன்னுட்டு வேலயப் பாக்க ஆரம்பிச்சிட்டான். அடிக்க மாட்டேன்னுட்டான்டா."

நான் கேமராவைக் கழற்றி மரத்தடியில் வைத்தேன். பத்து எட்டையும் நடந்து அவர் முன்னால் போய் நின்றேன்.

"அண்ணாத்த, அது நான்தான். உங்க போன்ல மேட்ச் பாத்தது நான்தான்."

"தெரியும்."

"அடிங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். இடது கை தொங்கியபடியே இருந்தது. பிறகு குவியலுக்குத் திரும்பினார். ஒன்றைத் தட்டினார், வைத்தார். இன்னொன்றைத் தட்டினார். நேரம் எடுத்துக்கொண்டு ஒரு காயைத் தேர்ந்தெடுத்து, நாலே வெட்டில் சீவி, ஸ்ட்ரா போட்டு என்னிடம் நீட்டினார்.

"குடி."

"அடிக்காம குடுக்க மாட்டீங்களே அண்ணாத்த."

"அடி அன்னிக்கே வுழுந்துடுச்சிடா. உன்னுதத்தான் அவன் வாங்கிகினு போய்ட்டான். எளநி வாங்காமப் போய்ட்டான், அது இங்கயே நின்னுகினு கீது. நீ குடி."

வாங்கினேன். நான் குடித்து முடிக்கும் வரை அவர் கண்ணை எடுக்கவில்லை. பிறகு காயை வாங்கிப் பிளந்து, மட்டையில் கரண்டி சீவிக் கொடுத்தார். வழுக்கை முழுவதையும் நின்றபடியே சுரண்டித் தின்றேன். சூடு மட்டும் இறங்கவில்லை.